பூமி தரும் அவகாசம்

எரிமலை வாரக்கணக்கில் அறிகுறி காட்டுகிறது. சுனாமி மணிக்கணக்கில் நேரம் தருகிறது. நிலநடுக்கம் மட்டும் ஏன் சொல்லாமல் வருகிறது? வங்கக் கடலின் கிழக்கு விளிம்பில், சுந்தா அகழியில் தொடங்கும் விடை.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பிற்பகல் 2 மணி தாண்டிச் சில நிமிடங்கள். சென்னையின் அலுவலக மாடிகளில் நாற்காலிகள் லேசாக ஆடின. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மக்கள் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்ததும் எல்லோருக்கும் 2004 டிசம்பர் 26தான் கண்முன் வந்தது. கடலோரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது. ஆனால், பேரலை எதுவும் வரவில்லை. அன்றே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

2004இல் வந்தது 9.1. அது வெளியிட்ட ஆற்றல் 2012 நடுக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு. ஆனால் 8.6 என்பதும் சாதாரண அளவு இல்லை. கருவிகள் பதிவு செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தால் பெரும் நிலநடுக்கங்களின் வரிசையில் வருவதுதான். அதே கடல், அதே திசை. ஒரு நடுக்கம் பதினான்கு நாடுகளில் இரண்டேகால் லட்சம் பேரைக் கொண்டுபோனது. இன்னொன்று பேரலை இல்லாமல் அடங்கியது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பூமி இயங்கும் விதமே பெருமளவு புரிந்துவிடும்.

நம் தட்டு முடியும் இடம்

பூமியின் மேற்பரப்பு ஒரே ஓடாக இல்லை. பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நாம் வாழ்வது இந்தியத் தட்டின்மேல். கோண்டுவானா என்ற பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தத் தட்டு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இமயமலை நம் தட்டின் வடக்கு எல்லை. கிழக்கு எல்லை வங்கக் கடலுக்குள் இருக்கிறது. அந்தமான், நிகோபார் தீவுகளுக்கு மேற்கே தொடங்கி சுமத்ரா, ஜாவா கரைகளை ஒட்டி நீளும் ஆழமான கடலடிப் பள்ளம்தான் சுந்தா அகழி. நம் தட்டின் கடலடிப் பகுதி இங்கே அடுத்த தட்டின் கீழே சாய்வாகச் செருகிப் பூமிக்குள் இறங்குகிறது.

நம் காலுக்குக் கீழே நெருப்புக் குழம்புக் கடல் இருக்கிறது, தட்டுகள் அதில் மிதக்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கண்டங்களின் கீழே மேலோட்டின் தடிமன் சராசரியாக 35 கிலோமீட்டர்; கடலடியில் 7 கிலோமீட்டர்தான். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள கவசம் திடமான பாறை. கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அந்தத் திடப் பாறையே பல லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகர்கிறது. அதற்கும் கீழே, வெளிக்கருவத்தில்தான் இரும்பு உருகிய நிலையில் இருக்கிறது.

இவ்வளவு ஆழத்தை யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. இதைக் காட்டிக்கொடுத்தது நிலநடுக்கம்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897இல் ஷில்லாங் பீடபூமியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்து, அதிர்வு அலைகள் ஒரே வகையானவை அல்ல என்று எடுத்துக்காட்டினார். முதலில் வருபவை முதன்மை அலைகள். அவை பாறையை அமுக்கி விரித்தபடி செல்கின்றன. அடுத்து வருபவை இரண்டாம் நிலை அலைகள்; இவை பாறையைக் குறுக்கே அசைத்தபடி செல்கின்றன, திரவத்தின் வழியாக இவற்றால் போக முடியாது. 1906இல் பூமிக்குத் தனியாக ஒரு கருவம் உண்டு என்பதற்கு இந்த அலைகளையே சான்றாக முன்வைத்தவரும் ஓல்டாம்தான். கவசத்தின் வழியே இரண்டாம் நிலை அலைகள் தடையின்றிப் போகின்றன. எனவே அது திடம். வெளிக்கருவத்தில் அவை நின்றுவிடுகின்றன. எனவே அது திரவம். அதற்கும் உள்ளே திடமான உட்கருவம் இருப்பதை டென்மார்க்கின் இங்கே லேமன் 1936இல் கண்டறிந்தார்.

சிக்கி நிற்பதும் விடுபடுவதும்

சுந்தா அகழியில் நம் தட்டு சீராக வழுக்கிக்கொண்டு போனால் பெரிய நிலநடுக்கமே வராது. இரண்டு தட்டுகளின் பாறைகளும் உரசும் இடத்தில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது, உரசும் பரப்பு மட்டும் சிக்கி நிற்கிறது. கனமான இரும்பு பீரோவை ரப்பர் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள். கயிறு நீண்டுகொண்டே போகும், பீரோ அசையாது. திடீரென்று ஒரு கணத்தில் ஓர் அடி பாய்ந்து நிற்கும். அது பாயும் என்பது உறுதி. எந்தக் கணத்தில் பாயும், எவ்வளவு தூரம் பாயும் என்பதை இழுப்பவராலும் சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அந்தச் சிக்கல் விடுபட்டது. சுமத்ராவின் வடமுனைக்கு மேற்கே, சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கிய முறிவு வடக்கு நோக்கி ஓடியது. நிகோபாரைக் கடந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு எல்லை கிழிந்தது. அதற்கு எட்டு முதல் பத்து நிமிடம் ஆனது. சில இடங்களில் பாறை 15 மீட்டருக்கும் மேல் நழுவியது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. வட அந்தமானின் மேற்குக் கரை நேர்மாறாக மேலெழும்பியது; பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து வெயிலில் காய்ந்து செத்தன.

கடலடி பல மீட்டர் உயர்ந்ததால் அதன்மேல் நின்ற மொத்த நீரும் உயர்ந்தது. சுனாமி இப்படித்தான் பிறக்கிறது. ஆழ்கடலில் மணிக்கு 600 முதல் 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, கரையை நெருங்கியதும் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது.

2012 நடுக்கம் அகழிக்கு மேற்கே, நம் தட்டின் உட்பகுதியில் வந்தது. அங்கே பாறைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. கடலடி பெரிதாக எழும்பவில்லை, நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை, எனவே பேரலை இல்லை. எவ்வளவு பெரிய நடுக்கம் என்று கேட்பதைப் போலவே தட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்பதும் முக்கியம்.

அளவைப் பற்றியும் ஒரு விளக்கம். ஓர் எண் கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கு கூடுகிறது. வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் 1,000 மடங்கு. சார்லஸ் ரிக்டர் 1935இல் வகுத்த அளவுகோல் பெரிய நடுக்கங்களைச் சரியாக அளக்காது என்பதால், முறிந்த பரப்பையும் நழுவிய தூரத்தையும் கணக்கில் கொள்ளும் திருப்புத்திறன் அளவையே இன்று விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள்.

எரிமலைக்கு நீர்தான் காரணம்

உள்ளே இறங்கும் தட்டு வெறுங்கையோடு போவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்த பாறை அது. அதன் கனிமங்களுக்குள் நீர் பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் அந்த நீர் வெளியேறி, மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் புகுகிறது. நீர் புகுந்ததும் பாறையின் உருகுநிலை குறைகிறது. அதுவரை திடமாக இருந்த பாறையில் ஒரு பகுதி உருகி மாக்மாவாகி மேலேறுகிறது.

எரிமலைகள் அகழிக்கு இணையாக, குறிப்பிட்ட தூரம் தள்ளி வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். அந்தமான் கடலில் பாரன் தீவு, சுமத்ராவில் தோபா, சுந்தா நீரிணையில் கிரகதோவா, சும்பாவா தீவில் தம்போரா எல்லாம் ஒரே வரிசைதான். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கும் பாரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. நீண்ட காலம் உறங்கி 1991இல் விழித்துக்கொண்டது. 2005இல் மறுபடி வெடித்தது.

மாக்மாவில் கரைந்திருக்கும் வாயுதான் எரிமலையின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஹவாயில் மாக்மா நீர்த்தது. வாயு எளிதில் பிரிந்துவிடும், குழம்பு ஆறாக ஓடும். அகழி ஓரத்து மாக்மா பிசுபிசுப்பானது. வாயு உள்ளேயே அடைபட்டு, அழுத்தம் மீறும்போது வெடிக்கும். 1883இல் கிரகதோவா வெடித்த சத்தம் 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. அதன் சுனாமியில் மாண்டவர்களையும் சேர்த்து 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திராவின் ஜுவாலாபுரம் உள்ளிட்ட இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இன்றும் படிவமாகக் கிடக்கிறது.

வாரக்கணக்கில்: பினாடுபோ, 1991

மாக்மா மேலேற வேண்டுமானால் வழியில் பாறையை உடைக்க வேண்டும். அதனால் சிறு அதிர்வுகள் வரும். மேலேறி வந்து இடம் பிடிப்பதால் மலை உப்பும். அழுத்தம் குறையக் குறையக் கந்தக டை ஆக்சைடு வெளியேறும். இந்த மூன்றையும் கருவிகளால் அளக்க முடியும் என்பதால்தான் எரிமலையை ஓரளவு முன்கூட்டிக் கணிக்க முடிகிறது.

பிலிப்பைன்ஸின் பினாடுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. 1991 ஏப்ரல் 2 அன்று அதன் சரிவில் நீராவி பீறிட்டது. பிலிப்பைன்ஸ் எரிமலையியல், நிலநடுக்கவியல் நிறுவனமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து மலையைச் சுற்றிக் கருவிகளை நட்டன. மே 13 அன்று மலையிலிருந்து வெளியேறிய கந்தக டை ஆக்சைடு நாளொன்றுக்கு 500 டன். மே 28இல் அது 5,000 டன்னைத் தாண்டியது. ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று 300 டன்னுக்கும் கீழே இறங்கியது. மலை அடங்குகிறது என்று சாமானியருக்குத் தோன்றும். விஞ்ஞானிகள் பயந்தார்கள். வாயு வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்பது அவர்களின் கணிப்பு.

எரிமலையையே பார்த்திராத மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஆபத்தை எப்படிப் புரிய வைப்பது? பிரான்ஸின் மோரிஸ் கிராஃப்ட் எடுத்திருந்த எரிமலைப் படக் காட்சிகளை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். சரிவில் பாய்ந்து இறங்கும் வெப்ப மேகத்தையும் சேற்று வெள்ளத்தையும் கண்ணால் பார்த்தவர்கள் ஊரைக் காலி செய்யச் சம்மதித்தார்கள். அந்தப் படத்தை எடுத்த மோரிஸும் அவர் மனைவி காத்யாவும் ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் அப்படியொரு வெப்ப மேகத்தில் சிக்கி இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 15 அன்று பினாடுபோ வெடித்தது. 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. அதற்குள் சுமார் 60,000 பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அதே நாளில் புயலும் வந்ததால் மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை அமுக்கி நூற்றுக்கணக்கானோர் இறந்தது பெரும் சோகம். ஆனால் மலையடிவாரத்தில் ஆயிரக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

மணிக்கணக்கில்: அர்மெரோவும் நாகையும்

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் பனி மூடிய எரிமலை. 1985 நவம்பர் 13 இரவு 9 மணிக்குப் பிறகு அது வெடித்தது. வெடிப்பு பெரியது அல்ல. ஆனால் உருகிய பனி, சாம்பலோடும் பாறையோடும் சேர்ந்து சேற்று வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அர்மெரோ நகரை எட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நகரம் ஆபத்துப் பகுதியில் இருப்பதைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகிவிட்டது. இருந்தும் வெளியேற உத்தரவு மக்களைப் போய்ச் சேரவில்லை. சுமார் 23,000 பேர் சேற்றில் புதைந்தார்கள்.

2004இல் நாகப்பட்டினத்துக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் இருந்தது. நடுக்கம் காலை 6.29 மணிக்கு, அலை கரையேறியது அதன்பின் இரண்டு மணி நேரம் கடந்து. நிகோபார் தீவுகள் அதற்குள் அடிபட்டுவிட்டன. ஆனால் அந்தச் செய்தியை வேளாங்கண்ணிக்கும் அக்கரைப்பேட்டைக்கும் கொண்டுசேர்க்க இந்தியப் பெருங்கடலில் ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அன்று இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது சுமத்ராவின் சிமலூ தீவு. அந்தத் தீவு மக்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடத்துக்கும் குறைவு. 1907இல் அந்தத் தீவைச் சுனாமி அழித்திருந்தது. நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடு என்ற பாடம் தாத்தா பாட்டி கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆடியது, ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

இன்று ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை விடுகிறது. கருவி இருக்கிறது, மையம் இருக்கிறது. மீனவர் குப்பத்தின் கடைசி வீட்டுக்குச் சில நிமிடங்களில் தகவல் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தால் எந்த வழியாக எங்கே ஓடுவது என்று குழந்தைகளுக்குத் தெரியுமா என்பதை ஆண்டுதோறும் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விநாடிக்கணக்கில்: நிலநடுக்கம்

சரி, நிலநடுக்கத்துக்கு ஏன் தேதி சொல்ல முடியவில்லை? மாக்மாபோல எதுவும் அங்கே மேலே வருவதில்லை. பல கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சிறு இடத்தில் பாறை வழுக்கத் தொடங்குகிறது. சின்ன நடுக்கமும் பெரிய நடுக்கமும் அப்படித்தான் தொடங்குகின்றன. அது அங்கேயே நிற்குமா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமா என்பதைத் தொடக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.

சீனா முயன்று பார்த்தது. 1975 பிப்ரவரியில் ஹைசெங் நகரில் முன்னதிர்வுகள் பெருகியதைக் கண்டு மக்களை வெளியேற்றினார்கள், 7.3 அளவில் நடுக்கம் வந்தது, ஏராளமானோர் பிழைத்தார்கள். உலகமே வியந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் தாங்ஷான் நகரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே இரவில் தரைமட்டமானது. அரசுக் கணக்குப்படியே 2,42,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலான நடுக்கங்களுக்கு முன்னதிர்வு வருவதில்லை. வந்தாலும் அது முன்னதிர்வுதான் என்பது பெரியது வந்த பிறகே தெரியும். ஆகவே, இன்ன தேதியில் இன்ன ஊரில் நிலநடுக்கம் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நம்பாதீர்கள், பரப்பாதீர்கள்.

விஞ்ஞானத்தால் தர முடிவது சில விநாடிகள்தான். முதன்மை அலை வேகமானது, அழிவு குறைவு. பின்னால் வரும் அலைகள்தான் கட்டடத்தை உலுக்குபவை. முதல் அலையைப் பிடித்ததும் மின்னல் வேகத்தில் செய்தி அனுப்பினால் தொலைவில் இருப்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த புல்லட் ரயில்கள் இப்படித் தானாகவே பிரேக் பிடித்து நின்றன. அவற்றின் பயணிகளில் ஒருவரும் இறக்கவில்லை.

ஆண்டுக்கணக்கில்: கட்டடம்

2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவில் நடுக்கம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8, ஆற்றலில் 500 மடங்கு பெரியது. இறந்தவர்கள் சுனாமியையும் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம். ஹைட்டியின் நடுக்கம் தலைநகரை ஒட்டி ஆழமில்லாமல் வந்தது என்பது உண்மைதான். ஆனால் பெரிய வேறுபாடு கட்டடங்களில் இருந்தது. 1960இல் 9.5 அளவில் அடி வாங்கிய சிலி கட்டட விதிகளைக் கறாராக்கியது. ஹைட்டியில் அப்படி எதுவும் நடைமுறையில் இல்லை.

தீபகற்ப இந்தியா பாறை பூமி, இங்கே வராது என்ற நம்பிக்கையை 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிரத்தின் கில்லாரி உடைத்தது. 6.2தான் அளவு. மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல் சுவர்கள் தூங்கியவர்கள்மேல் சரிந்து சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 1900இல் கோவையை ஏறத்தாழ 6 அளவில் ஒரு நடுக்கம் உலுக்கியிருக்கிறது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 அளவு நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. 2002இல் நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

2001 புஜ் நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் பில்லர்மேல் நிறுத்தி, கார் பார்க்கிங்குக்கு விட்டவை. மேல் தளங்கள் சுவர்களால் இறுகி நிற்க, ஆட்டம் முழுவதும் அந்தப் பில்லர்களில் இறங்கியது. இதே அமைப்பில் சென்னையிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு கட்டடங்கள் நிற்கின்றன.

பில்லரைக் காப்பது எது என்று கேட்டால், நெடுக நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 13920 விதி, ரிங்கின் இரண்டு முனைகளையும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடக்கி, கான்கிரீட்டின் நடுப்பகுதிக்குள் பதியவைக்கச் சொல்கிறது. கட்டுமிடங்களில் பெரும்பாலும் 90 டிகிரி மடக்கோடு விட்டுவிடுகிறார்கள், வேலை சுலபம். கட்டடம் ஆடும்போது மேல்பூச்சும் வெளிக் கான்கிரீட்டும் உதிர்ந்ததும் 90 டிகிரி மடக்கு விரிந்துவிடும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும், பில்லர் நசுங்கும். 135 டிகிரி மடக்கு பிடியை விடாது. பீமும் பில்லரும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு இதையெல்லாம் யாரும் பார்க்க முடியாது. வீடு கட்டுபவர் கம்பி கட்டும் நாளன்று நேரில் போய், மடக்கைக் கண்ணால் பார்த்து, பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அரசு கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

சிலிக்குக் கிடைத்தது 1960க்கும் 2010க்கும் இடையில் ஐம்பது ஆண்டு. அந்த நாடு அதை வீணாக்கவில்லை. நிலநடுக்கம் அவகாசம் தருவதில்லை என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். ஒரு நடுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கழியும் ஆண்டுகள் அத்தனையும் அவகாசம்தான். புதிதாக எழும்பும் ஒவ்வொரு பில்லரிலும் அதை நாம் பயன்படுத்துகிறோம், அல்லது தொலைக்கிறோம்.

நிலம் ஆடினால்...

• வீட்டுக்குள் இருந்தால் குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் போய், தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடும்போது படிக்கட்டில் ஓடாதீர்கள், லிஃப்டில் ஏறாதீர்கள்.

• வெளியே இருந்தால் சுவர், மின்கம்பம், விளம்பரப் பலகை ஆகியவற்றை விட்டு விலகி நில்லுங்கள்.

• ஆட்டம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடி, மின்சார மெயினை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். பின்னதிர்வுகள் வரும்.

• கடற்கரையில் பலமான அல்லது நீண்ட நேர அதிர்வை உணர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள்.

• கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று நினைக்காதீர்கள். 2004இல் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. தமிழகக் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த நீர்தான். முதல் அலையே பெரிய அலை என்றும் எண்ண வேண்டாம்; அலைகள் மணிக்கணக்கில் தொடரும். அதிகாரிகள் சொல்லும் வரை கரைக்குத் திரும்பாதீர்கள்.